புத்தாண்டுத் தீர்மானமும் தணிகை மலைப் படிகளும்

ஓம் சரவணபவ!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



மார்கழி பாதி ஆகிவிட்டால் போதும், நம்ம குழுவில் வேண்டுதல் செய்திகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். "முருகா, இந்த வருஷமாவது சொந்த வீடு அமையணும்." "வர்ற வருஷம் 10 கிலோ குறைச்சே ஆகணும்." "பையனுக்கு வேலை கிடைச்சிடணும்." "கடனெல்லாம் அடைஞ்சிடணும்." எல்லாமே நியாயமான ஆசைகள்தான்.

இந்த முறை இதற்கு நடுவில் ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எல்லாம் அவன் செயல்னு தினமும் சொல்றோம். அப்புறம் நாம எதுக்கு வருஷத்துக்கு ஒரு குறிக்கோள் வெச்சுக்கணும்? அது அகங்காரம் ஆகாதா?" உடனே இன்னொருத்தர், "உழைச்சாதான் நடக்கும் தம்பி, சாமி வந்து உன் வேலையைச் செய்ய மாட்டார்" என்று போட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோச்சு. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியைத் தேடிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்க.

முதலில் நம்ம திருத்தணியிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் இருக்கிறது அரக்கோணம். ரயிலேறினால் அடுத்த ஊர் மாதிரிதான் தணிகை மலை. அந்த மலைக்கு 365 படிகள். வருஷத்தோட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று நம்ம பெரியவங்க சொல்லி வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 அன்று அங்கே திருப்படித் திருவிழா நடக்கிறது. படிக்குப் படி மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போவார்கள். ராத்திரி 12 மணிக்குப் புது வருஷம் பிறக்கிற நேரத்தில் சுவாமிக்கு விசேஷ பூஜை.

இதை ஆரம்பித்து வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் ஜனவரி முதல் தேதி வந்தால் உத்தியோகத்தில் இருந்தவர்கள் எலுமிச்சம்பழமும் மாலையும் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்களாம். அதைப் பார்த்த சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைத் துரையை முதலில் பார்ப்போம் என்று மலையேறக் கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். "இங்கிலீஷ் புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போகலாமா?" என்று கேட்கிறவங்களுக்கு அவர் அன்னைக்கே செயலில் பதில் சொல்லிவிட்டார்.

திருத்தணிக்கு வண்டியிலும் மேலே போகலாம். நல்ல ரோடு இருக்கு. பத்து நிமிஷம்கூட ஆகாது. அப்படியிருந்தும் அன்னைக்கு இத்தனை பேர் ஏன் ஒவ்வொரு படியிலும் நின்று கற்பூரம் ஏற்றுகிறார்கள்? மலை உச்சியில் இருக்கிற சுவாமியை ஒரே மூச்சில் பார்த்துவிடுவதுதான் நோக்கம் என்றால் இது தேவையே இல்லை. ஆனால் அங்கே 40வது படிக்கும் பூஜை உண்டு, 212வது படிக்கும் உண்டு. நடுவில் இருக்கிற ஒரு சாதாரணப் படிக்கு உச்சிப் படிக்குக் கிடைக்கிற அதே மரியாதை.

நம்ம தீர்மானங்களை இதோடு வைத்துப் பாருங்க. எல்லாமே உச்சியைப் பற்றித்தான் இருக்கும். வீடு, எடை, வேலை, மார்க். நடுவில் இருக்கிற ஜூலை மாசத்துச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் நாம வாழப்போறது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். குறிக்கோள் வைப்பது அகங்காரமா?

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் குருக்கள் நம்ம பேர், நட்சத்திரம் கேட்கிறார் இல்லையா? அது சங்கல்பத்துக்காக. வீட்டில் ஹோமம், விரதம் என்று விரிவாகச் செய்யும்போது அந்தச் சங்கல்பத்தைக் கவனித்துக் கேளுங்க. கல்பம், யுகம் என்று பெரிய காலக் கணக்கில் ஆரம்பிக்கும். பிறகு எந்த வருஷம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாசம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று குறுகிக்கொண்டே வரும். பெரிய காலத்திலிருந்து இறங்கி இறங்கி "இன்னைக்கு, இந்த இடத்தில், இந்த நட்சத்திரத்தில் பிறந்த நான்" என்று நம்ம காலடியில் வந்து நிற்கும். நடுவில் ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வர்யம் என்று வேண்டுதல்கள் எல்லாம் வரும். ஆனால் கடைசியில் "கரிஷ்யே" என்று முடியும். "செய்யப் போகிறேன்" என்று அர்த்தம்.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சாமிகிட்ட கேட்பது தப்பே இல்லை. கேட்பதற்குச் சங்கல்பத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்கியம் "கொடு" என்று முடிவதில்லை, "நான் செய்கிறேன்" என்று முடிகிறது. பலனைக் கேட்கலாம். வாக்குக் கொடுப்பது மட்டும் செயலுக்குத்தான். நாம புத்தாண்டுக்கு எழுதி வைக்கிறதில் பாதி, உண்மையில் வேண்டுதல். அதைத் தீர்மானம் என்று தப்பாகப் பேர் வைத்துவிடுகிறோம். "இந்த வருஷம் எனக்கு பிரமோஷன்" என்பது வேண்டுதல். அதை முருகன்கிட்ட ஒப்படைத்துவிடலாம். "தினமும் ஒரு மணி நேரம் அந்தத் தேர்வுக்குப் படிப்பேன்" என்பதுதான் தீர்மானம். அதை அவர்கிட்ட தள்ளிவிட முடியாது. அது நம்ம கணக்கு.

பழனிக் கதையும் இதைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோணும். ஞானப்பழத்துக்காக உலகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். நம்ம முருகன் மயிலேறி நிஜமாகவே சுற்றி வந்தார். அண்ணன் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். சின்ன வயசிலிருந்து இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் "பாவம் முருகன், ஏமாந்துட்டார்" என்றுதான் நினைப்போம். ஆனால் யோசித்துப் பாருங்க. சொன்ன வேலையை ஒரு இஞ்ச் குறைக்காமல் செய்தவர் அவர். சுற்று முழுசாக முடிந்தது, பழம் மட்டும் கைக்கு வரவில்லை. அப்படிக் கோவித்துக்கொண்டு வந்து நின்ற மலைக்குத்தான் இன்னைக்கு இத்தனை லட்சம் பேர் நடந்து போகிறோம். பழம் கிடைக்காதவரையே பழம் என்று கும்பிடுகிறோம். சுற்றுவது நம்ம கையில், பழம் நம்ம கையில் இல்லை. இது தெரிந்த பிறகும் சுற்றக் கிளம்பினால் அதில் அகங்காரத்துக்கு எங்கே இடம்?

சரி, இதெல்லாம் தத்துவம். நிஜ வாழ்க்கையில் எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

எங்க தெருவில் ஒருத்தர். நல்ல உழைப்பாளி, நல்ல முருக பக்தர். குடிப் பழக்கம் உண்டு. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மாலை போடுவார். ஆனியிலேயே ஆரம்பித்து ஒரு மண்டலம், 48 நாள். விடியற்காலைக் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, பாய் படுக்கை. அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டார். மஞ்சள் வேட்டி கட்டி, பூக்காவடி எடுத்து, தணிகைக்குப் போய் வருவார். மாலையைக் கழட்டுவார். இரண்டு மூணு நாளில் பழையபடி ஆகிவிடும்.

போன ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் அவர் மனைவி எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தவங்க, என்னைப் பார்த்ததும் கேட்டாங்க. "அண்ணா, எனக்குத் தீபாவளி பொங்கல் எல்லாம் அந்த 48 நாள்தான். நாலு மணிக்கு எழுந்து தனியா சமைக்கிறது எனக்குக் கஷ்டமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைங்க பயப்படாம வீட்டுக்குள்ள விளையாடுதுங்க. மாலையைக் கழட்டாமலே இருக்க முருகன் ஏதாவது வழி வெச்சிருக்காரா?"

அன்னைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்க.

இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து ஊரில் சிலர் சிரிப்பார்கள். "மாலை போட்டா சாமி, கழட்டினா ஆசாமி, எல்லாம் நடிப்பு" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 48 நாள் தொடாமல் இருந்தது நிஜம். அந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடினது நிஜம். அவரால் முடியும் என்பதற்கு வருஷா வருஷம் முருகனே சாட்சி. அதே நேரத்தில், "48 நாள் இருந்தாச்சு, கணக்கு முடிஞ்சுது" என்று நினைப்பதும் சரியாகப் படவில்லை. அப்படிப் பார்த்தால் விரதம் முருகனோடு போட்ட வாடகை ஒப்பந்தம் மாதிரி ஆகிவிடும். காலம் முடிந்தது, சாவியைக் கொடுத்தாச்சு, வெளியே வந்தாச்சு. மீதி 317 நாள் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அப்போ மாலை போட்டிருக்கும்போது முடிந்தது, கழட்டினதும் ஏன் முடியவில்லை? மாலைக்குள் என்னென்ன இருக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது, பேர். மாலை போட்டதும் எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடையில்கூட "சாமி, டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பேருக்குக் கட்டுப்பட்டு மனுஷன் ஒழுங்காக நடக்கிறான்.

இரண்டாவது, நேரம். காலையிலும் சாயங்காலமும் குளியல், பூஜை. சும்மா இருக்கிற நேரமே குறைவு.

மூணாவது, கூட்டம். கூட மாலை போட்ட நாலு பேர் இருப்பார்கள். தனியாக யாரும் மாலை நாட்களைக் கடப்பதில்லை.

நாலாவது, வீடு. வீட்டில் இருக்கிற எல்லாரும் அந்த விரதத்துக்கு ஒத்துழைக்கிறார்கள்.

இப்போ டைரியில் எழுதுகிற புத்தாண்டுத் தீர்மானத்தைப் பாருங்க. பேர் கிடையாது, நேரம் கிடையாது, கூட்டம் கிடையாது, வீட்டில் யாருக்கும் தெரியவே தெரியாது. வெறும் மனவலிமையை நம்பி ஒரு வரி. அது ஜனவரி 10 தாண்டாததில் ஆச்சரியம் என்ன? மாலையைக் கழட்டலாம், ஆனால் இந்த நாலையும் சேர்த்துக் கழட்ட வேண்டியதில்லையே. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். கூட வந்த சாமிகளோடு வாரம் ஒருநாள் கிருத்திகை பஜனை மாதிரி கூடலாம். குறைந்தபட்சம் ஒருத்தரிடமாவது, "நான் இன்னைக்கு இப்படி இருக்கேன்" என்று தினமும் சொல்லலாம்.

சூரசம்ஹாரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளணும். மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் அவனை இல்லாமல் ஆக்கவில்லை. ஒன்றை வாகனமாக்கினார், ஒன்றைக் கொடியில் வைத்துக்கொண்டார். பழக்கங்களும் அப்படித்தான். சாயங்கால ஆறு மணியைக் காலண்டரிலிருந்து கிழித்துப் போட முடியாது. அது தினமும் வரும். அந்த ஆறு மணிக்கு வேறு வேலை கொடுத்தால்தான் உண்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்க. பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுவதாக இருந்தாலும் சரி, புத்தாண்டுத் தீர்மானமாக இருந்தாலும் சரி, முதலில் டாக்டரைப் பாருங்க. டாக்டர்கிட்ட போறது பக்திக் குறைவு இல்லை. குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாகக் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அவர்கள் கூட்டங்கள் நடக்கின்றன. அவர்களும் படிகள் என்றுதான் சொல்கிறார்கள், 12 படிகள். ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று பெரிதாகச் சத்தியம் செய்வதைவிட, இன்னைக்கு ஒருநாள் தொடாமல் இருப்போம் என்பதுதான் அவர்கள் வழி. தணிகைப் படிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. திருத்தணி என்ற பேருக்கே முருகன் சினம் தணிந்த இடம் என்று பொருள் சொல்வார்கள். அறுபடை வீடுகளில் கந்த சஷ்டிக்கு அங்கே மட்டும் சூரசம்ஹாரம் கிடையாது. புஷ்பாஞ்சலிதான், பூக்களால் அர்ச்சனை. அப்படிப்பட்ட இடத்தில் வருஷத்தை ஆரம்பிப்பதில் ஒரு அழகு இருக்கு. ஏனென்றால் நம்ம தீர்மானங்களில் நிறைய, நம்ம மேலேயே நமக்கு வருகிற கோபத்தில் பிறக்கிறவை. கண்ணாடியைப் பார்த்துக் கோபம், பேங்க் பாஸ்புக்கைப் பார்த்துக் கோபம், அடுத்தவன் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துக் கோபம். கோபத்தில் எடுத்த முடிவு, கோபம் ஆறினதும் ஆறிப்போகும். முதலில் தணியணும். பிறகு முடிவெடுக்கணும்.

வழியில் தவறினால்? படியேறும்போது மூச்சு வாங்கி 90வது படியில் உட்கார்ந்துவிட்டால், யாராவது வந்து "நீ உட்கார்ந்துட்டே, கீழே போய் முதல் படியிலிருந்து ஆரம்பி" என்று சொல்வாங்களா? பக்கத்தில் ஏறுகிற யாரோ ஒருத்தர் "அரோகரா!" என்பார். எழுந்து 91இல் கால் வைப்போம். ஒருநாள் விட்டுப்போச்சு என்பதற்காக முழு வருஷத்தையும் தூக்கிப் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விட்டது ஒரு படி. மலை அங்கேயேதான் இருக்கு.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றுகிற ஒரு கேள்வி. நம்ம தீர்மானத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? நிறைய வீடுகளில் ஆம்பளை விரதம் இருந்தால், அதற்கான வேலை எல்லாம் பொம்பளைங்க தலையில். குழந்தை முதல் மார்க் எடுக்கணும் என்று அப்பா தீர்மானம் எடுத்தால், தூக்கம் கெடுவது குழந்தைக்கு. அதனால் ஒரு குறிக்கோள் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: அது நடந்தால் நம்ம வீட்டில் இருக்கிறவர்கள் மூச்சு விட இடம் கிடைக்குமா, இல்லை இருக்கிற இடமும் போகுமா? அந்தத் தங்கச்சி சமையல் வேலை கஷ்டமே இல்லை என்று சொன்னாங்களே, அது பெருந்தன்மை. அவங்களுக்கு அந்த விரதத்தில் நிம்மதி கிடைத்ததால் வந்த வார்த்தை. எல்லா விரதத்துக்கும் அந்த வார்த்தை கிடைக்காது. கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்க அம்மாவுக்கு 82 வயசு. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு படிதான்: தினமும் சாயங்காலம் கால் மணி நேரம், போனை அலமாரியில் வைத்துவிட்டு, அவங்க பக்கத்தில் உட்கார்றது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பாங்க. பதில் சொல்லணும். ஞாபகம் நிற்கணும் என்று முருகன்கிட்ட வேண்டுகிறேன், அது அவர் பாடு. உட்கார்றது என் பாடு.

எங்க தெருக்காரரும் கார்த்திகை முடிகிற சமயத்தில் என்னைப் பார்க்க வந்தார். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கியிருப்பதாகச் சொன்னார். "ஒரு வருஷம்னு சொல்லாதீங்க சார், கேட்டாலே பயமா இருக்கு. இன்னைக்கு ஒருநாள்னா சரி" என்றார். சரி என்றேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு வேல் படம் அனுப்புவார். வேறு எதுவும் எழுத மாட்டார். நேற்றோடு 23 வேல் வந்திருக்கு. இது எத்தனை படி வரைக்கும் போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் பதிலுக்கு ஒரு மயில் படம் அனுப்பிவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.

நீங்களும் இந்தப் புத்தாண்டுக்கு ஒரு பேப்பரில் இரண்டு கோடு போட்டுப் பாருங்க. இடது பக்கம், முருகன்கிட்ட கேட்பது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்க, அவர் கோவிச்சுக்க மாட்டார். வலது பக்கம், "செய்யப் போகிறேன்" என்று முடிகிற ஒரே ஒரு வரி. இன்னைக்கே, இருக்கிற இடத்திலேயே செய்யக்கூடியதாக இருக்கணும். எழுதி முடித்ததும் வீட்டில் இருக்கிற ஒருத்தரிடம் அதைப் படித்துக் காட்டுங்க. அவங்க முகம் மலர்கிறதா என்று பாருங்க. பிறகு அந்தப் பேப்பரைச் சுவாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு முதல் படியில் கால் வையுங்க.

எல்லார் வீட்டிலும் தணிகைநாதன் அருளால் அமைதி நிறையட்டும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!